மாமா போட்ட துண்டு

சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பட்டணம் போய் வருவது பெரும்பாடு என்று சொல்கிறவர்கள் சொந்தக் கார் வைத்திருப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சின்னப் பிள்ளை ஒரு வசதி. கூட்டம் முண்டியடிக்கும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆனால் துண்டை எவனாவது எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். பிள்ளையை அப்படி எடுத்து வைக்க முடியாது. அதுவும் கத்தத் தெரிந்த பிள்ளையை.

எங்கள் மாமாவுக்கு நான்தான் துண்டு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நெம்மேலியில் எங்களோடுதான் இருந்தார். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிக் குழாய் வழியே பட்டணத்துக்கு அனுப்பும் ஆலையில் வேலை. வாரம் பூராவும் தண்ணீரை அனுப்பிவிட்டு, அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறவர்போல ஞாயிற்றுக்கிழமையானால் தானும் கிளம்பிவிடுவார், இஸ்திரி போட்ட சட்டையோடு.

அம்மாவுக்குச் சந்தேகம். "வாரா வாரம் இன்னாடா உனக்குப் பட்டணத்துல வேல?" என்பாள்.

"சும்மா, சுத்திப் பாக்க."

"அப்ப இவனையும் கூட்டினு போ. அவனும் பாக்கட்டும்."

கூட ஒரு பிள்ளை இருந்தால் தம்பி கண்ட இடத்துக்கும் போகமாட்டான் என்பது அவள் எண்ணம். அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். மாமா என்னைத் துண்டாக்கிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு உத்தியோகம் கிடைத்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு வேறெதிலும் அப்படிப் பெயர் எடுக்கவில்லை. வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே கம்பி கழன்ற ஜன்னல் எது என்று மாமா கண்டுபிடித்துவிடுவார். கூடவே ஓடி, என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவார். தலை முதலில் உள்ளே போகும், செருப்பு பின்னால் வரும். நான் மூன்று பேர் சீட்டில் குறுக்கே படுத்துக்கொள்ள வேண்டும். யாராவது கேட்டால் "ஆளு வராங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் "வாந்தி வருது" என்று சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு மசியாத மனிதரை நான் பார்த்ததில்லை.

தி.நகரில் இறங்கினால் எப்போதும் ஒரே நிகழ்ச்சிதான். பூங்காவில் ஒரு பெஞ்சு. மத்தியானம் அங்கே ஒரு அக்கா வருவாள். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வந்து ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறவள். எனக்கு ஒரு கப் ஐஸ். மரக்கரண்டியால் அதைச் சுரண்டி முடிக்கிற வரைக்கும் அவர்கள் பேசுவார்கள். பேச்சு முடியவில்லையென்றால் இன்னொரு கப் ஐஸ். அந்த அக்கா யார் என்று நான் கேட்டதேயில்லை. ஐஸ் வாங்கித் தருகிறவர்களை விசாரிக்கும் பழக்கம் எனக்கு இன்றும் கிடையாது. வீட்டுக்குப் போனதும் "இன்னாடா பாத்தே?" என்று அம்மா கேட்பாள். "பஸ்சு" என்பேன். அது பொய்யில்லையே.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வரவில்லை. சாயங்காலம்தான் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நாளையிலேர்ந்து வேலைக்கிப் போவ வேணாம்னு வூட்டுல சொல்லிட்டாங்க," என்றாள். "கடையில சொல்லிட்டு வான்னுதான் இன்னிக்கி வுட்டாங்க."

என்னிடம் யாரும் அப்படியொரு நல்ல சேதியைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். பொறாமையாக இருந்தது.

"எதுக்காம்?" என்றார் மாமா.

"நாளைக்கி மாப்ள வூட்டுலேர்ந்து பூ வெக்க வராங்க."

மாமா பெஞ்சில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்தார். "நீ இன்னா சொன்னே?"

"நான் இன்னாத்த சொல்றது? உங்க அக்காகிட்ட சொல்றேன் சொல்றேன்னு நீதான் எத்தினி மாசமா சொல்லிகினு கீறே."

எனக்கு விளங்காதது ஒன்றுதான். பூ வைப்பதற்கா இந்த அழுகை? எங்கள் அம்மா தினம் வைத்துக்கொள்கிறாள். ஒருநாளும் அழுது பார்த்ததில்லை.

மூன்று பேரும் பஸ் நிலையம்வரை நடந்தோம். அங்கிருந்து அக்கா மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏற வேண்டும். எங்களுக்கு மாமல்லபுரம் பஸ். அதோடு சரி, இனிமேல் பூங்காவும் கிடையாது, ஐஸும் கிடையாது. அதை வாயால் சொல்லாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தபோது வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாமா பழக்கதோஷத்தில் ஓடினார், ஜன்னலைப் பார்த்தார், என்னைத் தூக்கி உள்ளே போட்டார். வழக்கமாக அடுத்து வாசலுக்கு ஓடுவார். அன்றைக்குத் திரும்பி அக்காவிடம் போனார்.

நான் குறுக்கே படுத்துக்கொண்டேன். வண்டி நிரம்பியது, கிளம்பியது. மாமா பின்னால் எங்கேயோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். என் வேலை சீட்டைக் காப்பது. மாமாவைக் காக்கும் உத்தியோகம் ஒன்றும் எனக்கு இருந்தது அந்த நேரம் மறந்துபோய்விட்டது.

குடை வைத்திருந்த ஒரு பெரியவர் வந்து தலைமாட்டில் நின்றார். "எயுந்து குந்து தம்பி. கால் கடுக்குது."

"ஆளு வராங்க."

"எங்கேர்ந்துடா வராங்க? வண்டி சைதாப்பேட்டையே தாண்டிடுச்சி."

"வாந்தி வருது."

பெரியவர் குடையோடு இரண்டு சீட்டு தள்ளிப் போனார். பிறகு கண்டக்டர் வந்தார்.

"யாருதுய்யா இந்தப் பையன்?" வண்டியில் யாரும் பதில் சொல்லவில்லை. குனிந்து என்னிடம் கேட்டார். "நைனா, யாரு கூட வந்தே?"

"மாமா கூட."

"எங்க உங்க மாமா?"

"வந்துகினு இருக்காரு."

"அவரு பேரு இன்னா?"

"மாமா."

"போன் நம்பராவது தெரிமா?"

தெரியாது. கண்டக்டர் டிக்கெட் கட்டால் நெற்றியில் தட்டிக்கொண்டார். முன்சீட்டு அம்மாள் திரும்பி, "பச்சப் புள்ளைய இப்பிடி உட்டுட்டுப் போயிருக்கானே, எந்தப் பேமானியோ," என்றாள். எங்கள் மாமா பேமானி இல்லை என்று நான் படுத்தபடியே சொன்னேன்.

திருவான்மியூரில் என்னை இறக்கி டைம் கீப்பரிடம் ஒப்படைப்பதென்று முடிவானது. வண்டி நின்றதும் கண்டக்டர் என் இடுப்பில் கை போட்டுத் தூக்கினார். நான் முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சீட்டு பூடும், சீட்டு பூடும்" என்று கத்தினேன். காணாமல் போன பிள்ளை சீட்டுக்காக அழுவதை அவர் தன் சர்வீசில் பார்த்திருக்க மாட்டார். இடுப்பு அவரிடமும் கை கம்பியிலுமாக நான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு ஆட்டோ வந்து பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நின்றது. மாமா குதித்தார். அவருக்கு முன்னாலேயே அக்கா குதித்து ஓடிவந்தாள், ஒரு காலில் செருப்பில்லாமல்.

ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாம் எனக்கான அழுகை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கப் ஐஸுக்குமேல் மதிப்புள்ளவன் நான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண்டக்டர் என்னை விட்டுவிட்டுப் படியில் இறங்கி நின்று அவர்களைப் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா, பெத்தா மட்டும் போதுமா? ரெண்டு பேரு இருந்து ஒரு புள்ளையப் பாத்துக்கத் தெரியல?"

இரண்டு பேரும் மறுக்கவில்லை.

"ஏறுறீங்களா, இவன எறக்கவா? வண்டி எடுக்கணும்."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா வந்த வழியைப் பார்த்தாள். ஆட்டோக்காரர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். குடைப் பெரியவர் வேறு மறுபடியும் நெருங்கிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் ஏறு மாமா, எல்லாரும் கேக்கறாங்க," என்றேன். பிறகு காலை மடக்கிக்கொண்டேன். "அக்கா, நீயும் குந்து. எடம் கீது."

அக்காதான் முதலில் ஏறினாள்.

"நெம்மேலி, ரெண்டரை," என்றார் மாமா. எப்போதும் ஒன்றரை என்பார்.

ஜன்னலோரம் அக்கா, நடுவில் நான், ஓரத்தில் மாமா. அக்காவின் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பேசட்டுமா என்று கேட்டேன். அவள் அதை அணைத்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தாள். கோவளம் வருவதற்குள் அவள் மடியில் தூங்கிவிட்டேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். மாமாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். காவலாள் நான்தானே. "யாருடா இது?"

"அக்கா. நான்தான் சீட்டு புடிச்சிக் குடுத்தேன்."

அம்மா மாமாவின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னாடா? கடிச்சித் தின்னுடுவனா?" பிறகு அக்காவிடம் திரும்பினாள். "வயசு இன்னா ஆவுது?"

"இருவத்தி மூணு."

"வூட்டுல தெரியுமா?"

அக்கா தலையாட்டினாள், இல்லை என்று. மாமா முதுகைத் தடவிக்கொண்டே, "நாளைக்கி இவளுக்குப் பூ வெக்க வராங்கக்கா," என்றார்.

அம்மா அக்காவை முகம் கழுவச் சொல்லிவிட்டு உள்ளே போய், மறுநாள் பூசைக்கென்று ஃபிரிட்ஜில் வாழையிலையில் சுற்றி வைத்திருந்த மல்லிச் சரத்தை எடுத்து வந்தாள். பாதியாக அறுக்கப் போனவள் அறுக்காமல் முழுவதையும் அக்காவின் தலையில் வைத்தாள்.

அக்கா மறுபடியும் அழ ஆரம்பித்தாள். வைக்க வருகிறார்கள் என்றாலும் அழுகிறாள், வைத்துவிட்டாலும் அழுகிறாள். இந்த அக்காவுக்குப் பூவே ஒத்துக்காது போலிருக்கிறது, இது தெரியாமல் அம்மா வைத்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு வேலைக்குப் போகத் தேவையில்லாத அவளை ஒருமுறை பொறாமையோடு பார்த்துவிட்டு, நான் என் பள்ளிக்கூடப் பையைத் தேடப் போனேன்.