ஆமிக் கதிரையிலை இருந்த சூசைதாசன்

யாழ்ப்பாணம் குருநகரிலை வந்து சூசைதாசன் எண்டு கேட்டா எந்தச் சூசைதாசன் எண்டு திருப்பிக் கேப்பினம். ஆமிக் கதிரைச் சூசை எண்டு கேட்டா, சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். அவர் ஆமியிலை இருந்தவரில்லை. துவக்கைத் தொட்டும் பாக்காதவர். ஒரு அரசாங்கக் கந்தோரிலை, ஆமி செலவழிக்கிற காசுக்குக் கணக்குப் பாத்துக் கையெழுத்து வைக்கிற வேலை. கந்தோரிலை பியோனுக்கு மேலை, மற்ற எல்லாருக்கும் கீழை. ஆனா அவர் பேனை எடுக்காட்டி ஒரு மேஜரின்ரை பில்லும் அசையாது.

அந்தக் கதிரைக்கும் ஒரு கதை இருக்கு. தொண்ணூற்றாறிலை ஆமி ஊருக்குள்ளை வந்து சனத்தின்ரை வீடுகளிலை இருக்கத் தொடங்கினது. வீட்டுக்காரருக்கு வாடகை, தண்ணி பவுசர், விறகு எண்டு பில்லுகள் குவிஞ்சுது. அதுகளைப் பாக்க ஒரு ஆள் வேணுமெண்டு மூலைக்குள்ளை ஒரு மேசையும் கதிரையும் போட்டினம். முதல் இருந்தவர் தில்லைநாதன். பயந்த மனிசன். அளவு நாடாவைக் கண்டா சென்றியிலை காவலுக்கு நிக்கிறவன் என்ன நினைப்பானோ எண்டு, வீடுகளைக் காலடியாலை நடந்து அளந்தவர். அடுத்தது செல்வரட்ணம். சனமும் பேசுது, ஆமியும் பேசுது எண்டு அவர் மூண்டு மாசத்திலை மாற்றம் எடுத்துக்கொண்டு போட்டார். பிறகு ஒருத்தரும் வரேல்லை. கதிரை தூசி பிடிச்சுக் கிடந்தது. ரெண்டாயிரத்தொண்டிலை சூசைதாசனுக்கு வேலை நிரந்தரமாக, அவரைக் கொண்டுபோய் அதிலை இருத்திச்சினம்.

“குருநகரார் கடல்லை போற ஆக்கள், உங்களுக்கென்ன பயம்” எண்டு அப்ப இருந்த பெரியவர் சொன்னவராம். சூசைதாசன் வள்ளத்திலை கால் வைச்சாலே சத்தி எடுக்கிற ஆள். அதை அவர் வாய் திறந்து சொல்லேல்லை. இருபத்திமூண்டு வருசம் அந்தக் கதிரையிலையே இருந்திட்டார்.

வீடுகளை ஆமி ஒண்டொண்டா விட்டிட்டுப் போகப்போக, கதிரையின்ரை வேலையும் குறைஞ்சுது. கடைசியிலை, சூசைதாசன் பெஞ்சனிலை போறதோடை கதிரையையும் மூடுறது எண்டு கடிதம் வந்தது. அவருக்கு அதிலை ஒரு கவலையுமில்லை. அந்த மாசந்தான் மன்னாரிலை மகள் ஜெசிதாவுக்குப் பெட்டைக் குஞ்சு பிறந்திருந்தது. போனிலை வந்த படத்தைக் கந்தோரிலை காட்டாத ஆளில்லை. பில்லோடை வந்த கப்டனுக்கும் காட்டினவர். “மூக்கு என்ரை மூக்கு” எண்டார். கப்டன் ஒருக்காப் பிள்ளையைப் பாத்தான், ஒருக்கா இவரைப் பாத்தான். “பாவம்” எண்டு தமிழிலை சொன்னான்.

பெஞ்சனிலை போகேக்கை மொத்தமாத் தாற பணிக்கொடைக் காசு வந்தோடனை, ஞானஸ்நானத்துக்குப் பேத்தியின்ரை கழுத்திலை ஒண்டரைப் பவுணிலை சங்கிலி. அதுதான் எண்ணம். தட்டார் கடையிலை மாதிரியும் பாத்து வைச்சாச்சு.

பெஞ்சனுக்குப் பதினெட்டு நாள் இருக்கேக்கை லூர்த்தம்மா வந்தா. அடுத்த ஒழுங்கை மனிசி, பிள்ளையள் இல்லை. அவவின்ரை வீட்டிலை ஆமி இருபத்திரண்டு வருசம் இருந்து, போன வருசந்தான் விட்டது. கூரை இல்லை, கதவு இல்லை. திருத்தக் காசு ஒம்பது லட்சம் ஒதுக்கியாச்சு. சூசைதாசன் கையெழுத்து வைச்சா வந்திடும்.

“சூசையண்ணை, இதைப் பாருங்கோ” எண்டு வீட்டு உறுதிப் பத்திரத்தை மேசையிலை வைச்சா. “எங்கடை ஐயா எனக்குச் சீதனமா எழுதித் தந்த வீடு. இப்ப ஜெறோம் சொல்லுறான், வீடு தன்ரை தமையன்ரையாம். தமையன் செத்தபடியாத் தனக்கும் பங்காம்.”

ஜெறோம், நாலு வருசத்துக்கு முன்னம் செத்துப்போன அவவின்ரை புருசன் தேவராசாவின்ரை தம்பி.

“அவன் என்னத்தை வைச்சுச் சொல்லுறான்?”

“உங்கடை கடுதாசியை வைச்சுத்தான். வாடகைக் கடிதம் முழுக்க வீட்டுச் சொந்தக்காரர் தேவராசா எண்டெல்லோ கிடக்கு. கவுண்மேந்து பொய் எழுதுமோ எண்டு கேக்கிறான்.”

சூசைதாசன் அலுமாரியைத் திறந்து பைலை எடுத்தார். முதல் பக்கத்திலை தன்ரை கையெழுத்து, அந்த நாளையான் குண்டு எழுத்து. அந்த நேரம் ஆமிக் காம்புப் பக்கம் பொம்பிளையள் வரேலாது. தேவராசா தனிய அடையாள அட்டையோடை வந்தவர். கொழும்பிலையிருந்து வந்த படிவத்திலை ‘குடும்பத் தலைவர்’ எண்டு ஒரு கோடு கிடந்தது. இவரும் தேவராசா எண்டு எழுதினார். பிறகு கடிதம் அடிக்கேக்கை அந்தக் குடும்பத் தலைவரே சொந்தக்காரராயிட்டார்.

குருநகரிலை வள்ளம் பெடியனுக்கு, வீடு பெட்டைக்கு. அதைப் பிறத்தியான் ஒருத்தன் பிழையா எழுதினா விடலாம். சூசைதாசன் லூர்த்தம்மாவின்ரை கலியாணத்துக்குக் கதிரை தூக்கினவர். லூர்த்தம்மாவின்ரை தேப்பன் மகளின்ரை கையிலை வீட்டுத் திறப்பைக் குடுக்கேக்கை பக்கத்திலை நிண்டவர்.

பைலை எடுத்துக்கொண்டு கணக்காளர் கேதீஸ்வரியிட்டைப் போனார். வயசிலை மகள் மாதிரி, பதவியிலை பெரியவ.

“ஐயா, பேர் பிழை எண்டு நீங்கள் எழுதித் தந்தா அவவுக்குக் காசு போகும்” எண்டா. “ஆனா இவ்வளவு வருசமும் பிழையான ஆளுக்கு வாடகை குடுத்தனீங்கள் எண்டு கணக்காய்விலையிருந்து உங்களை விளக்கம் கேப்பினம். அது முடியுமட்டும் உங்கடை பணிக்கொடை நிக்கும்.”

“எழுதாட்டி?”

“நீங்கள் பெஞ்சனிலை போடுவியள். கதிரையையும் மூடினா, பிறகு இதைத் திருத்த ஆளில்லை. அவ கோட்டுக்குப் போகவேண்டியதுதான்.”

லூர்த்தம்மாவுக்கு அறுபத்தாறு வயசு. கோட்டிலை காணி வழக்கு எவ்வளவு காலம் இழுபடுமெண்டு சூசைதாசனுக்குத் தெரியும்.

வீட்டை வந்து தேத்தண்ணியும் குடிக்காமல் இருந்தார். மனிசி அற்புதராணி விசயத்தைக் கேட்டுப்போட்டுச் சொன்னா: “இவ்வளவு காலமும் ஆமிக்காரன்ரை விறகுக் கட்டிலை பிழை பிடிச்ச மனிசன். தன்ரை பிழையைக் கண்டோடனை முகத்தைப் பார்.”

“பேத்தியின்ரை சங்கிலியெல்லோ” எண்டார்.

“சங்கிலி இல்லையெண்டு சுவாமி பிள்ளைக்குத் தண்ணி வாக்காமல் விடுவாரோ? அந்தக் கலியாணச் சோறு நானுந்தான் தின்னனான். லூர்த்தம்மாவைக் கோயில்லை கண்டா நான் எந்தப் பக்கம் பாக்கிறது?”

அடுத்த நாள் எழுதினார். எழுதிப்போட்டுப் பேனையை மூடேல்லை. ஒரு யோசினை வந்திட்டுது. லூர்த்தம்மா கண்டு பிடிச்சதாலை தெரிஞ்சுது, மற்ற வீட்டுக்காரருக்கு? அலுமாரியிலை கிடந்த நாப்பத்தொரு பைலையும் இறக்கினார். நாலு நாளாத் தும்மித் தும்மிப் பாத்தார். இன்னும் ஆறு வீடு, அதே பிழை. ஆறு பேருக்கும் ஆளனுப்பி, உறுதி எடுப்பிச்சு, மொத்தம் ஏழு கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தார்.

கேதீஸ்வரி எண்ணிப் பாத்தா. “ஒண்டுக்கே போதும் எண்டனான். நீங்கள் ஏழாக் கொண்டு வாறியள்.”

“ஒண்டுக்கும் பணிக்கொடை நிக்கும், ஏழுக்கும் நிக்கும், பிள்ளை. செலவு ஒண்டுதானே.”

ரெண்டு மாசத்திலை லூர்த்தம்மாவுக்குக் காசு வந்தது. ஜெறோம் ஒரு கிழமை வாசலிலை நிண்டு பேசினான். பிறகு கூரை மரம் ஏத்த ஆள் காணாதெண்டு அவனும் வந்து பிடிச்சவன். கதிரையைப் பழைய பைல் அறைக்குள்ளை போட்டினம்.

சூசைதாசன் ஞானஸ்நானத்துக்கு ஒரு சோடிச் சட்டையோடை போனார். கணக்காய்வுக்காரர் நாலு தரம் விளக்கம் கேட்டு, நாலு தரமும் அவர் அதையே எழுதி, பணிக்கொடை கைக்கு வர ஒரு வருசமும் நாலு மாசமும் போச்சு. அதுக்கிடையிலை பவுண் விலையும் ஏறி, ஒண்டரைப் பவுண் முக்கால் பவுணாப் போச்சு. அதைக் கொண்டுபோய் மன்னாரிலை பேத்தியின்ரை கழுத்திலை போட்டார். அவள் அப்ப நடக்கத் தொடங்கியிட்டாள். சங்கிலியை எடுத்து வாய்க்குள்ளை வைச்சுக் கடிச்சுப் பாத்தாள்.

“பாத்தியளே” எண்டார் சூசைதாசன். “சரி பிழை பாத்துத்தான் எடுக்கிறாள். மூக்கு மட்டுமில்லை.”