காத்தாடிக்காரன் எதிரே வந்தபோது

இன்று என் மகள் பிடிவாதமாக என்னையும் சம்பந்தியம்மாவையும் ஏரியில் ஒரே மிதிபடகில் ஏற்றிவிட்டாள். கல்யாணப் பந்தியில் என் அண்ணனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்ட அதே சம்பந்திதான். நான் மறக்கவில்லை.

நடு ஏரியில் ஒருவன் பலகை மேல் நின்றுகொண்டு வந்தான். மேலே பந்தல் துணி அகலத்துக்கு ஒரு காத்தாடி அவனை இழுத்துக்கொண்டு வந்தது. நேராக எங்களைப் பார்த்து!

படகைத் திருப்ப எங்கள் நடுவில் ஒரே கைப்பிடி.

"அந்தாண்ட திருப்புங்க சம்பந்தி!" என்று இழுத்தேன்.

"ஐயோ, இந்தாண்ட!" என்று அவர் இழுத்தார்.

படகு தள்ளாடியது. இருவருக்குமே நீச்சல் தெரியாது.

"ஆயா, இன்னா பண்றீங்க? கையை எடுங்க! நேரா போங்க, நான் ஒதுங்கிக்கிறேன்!" என்று அவன் கத்தினான்.

கையை எடுத்தோம். தண்ணீர் தெறித்து எங்கள் புடவையை நனைத்துவிட்டு அவன் ஒதுங்கிப் போய்விட்டான்.

கரைக்கு வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "காத்து ஒரே பக்கமா அடிக்குது. நீ எப்பிடிப்பா திரும்பி வர்றே?"

"நேரா வர முடியாது ஆயா. குறுக்க குறுக்க கோணலா வந்து சேரணும். படகுங்க ஒரே போக்கா போனா நான் சுத்திக்கினு போய்டுவேன். நீங்க ஆட்டினதுலதான் பேஜாராய்டுச்சு."

உடனே சம்பந்தியம்மா, "நான் அப்பவே நேரா போலாம்னு சொன்னேனே" என்றார்.

சொல்லவே இல்லை. "இந்தாண்ட" என்றுதான் சொன்னார்.

எதிர்க்காற்றில் கோணலாக வருவது மட்டும் எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். சம்பந்தியம்மா எழுதினால் படிக்க மாட்டேன்.