லாட்ஜில் மூடி வைத்திருந்த சொம்பு

பேய், ஆவி என்று ரயிலில் யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொள்கிற ஆள் நான். பயத்தால் அல்ல, அலுப்பால். தராசு விற்பது என் தொழில். முள் அசைந்தால் அங்கே எடை இருக்கிறது, அசையாவிட்டால் இல்லை. இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டென்று எவர் சொன்னாலும் நான் காது கொடுத்ததில்லை. பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன், அதில் ஒரு தூறலைக்கூட மழை என்று எழுதியது கிடையாது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், மேற்கொண்டு படிக்கும்போது நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

ஈப்போவிலிருந்து கம்பெனி வேலையாக வருடத்தில் மூன்று நான்கு முறை சிங்கப்பூருக்கு வருவேன். சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் புதுத் தராசு கொடுப்பதும் பழையதைச் சரிபார்ப்பதும் வேலை. தங்குவதற்குக் கம்பெனி கொடுக்கும் பணத்தில் பெரிய ஓட்டலின் வாசலில்கூட நிற்க முடியாது. ஆகவே மலிவான லாட்ஜைப் பொறுக்கி எடுப்பதில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். தலையணையை முகர்ந்து பார்ப்பேன், கட்டில் சட்டத்தின் இடுக்கில் நகத்தால் கீறி மூட்டைப்பூச்சி உண்டா என்று பார்ப்பேன், தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டு இழுத்துப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் காட்டுகிற அறையோடு நிற்கமாட்டேன். பூட்டியிருக்கும் அறையையும் பார்க்க வேண்டும் என்பேன். நல்ல அறையை அவர்கள் தமக்கு வேண்டிய ஆளுக்காகப் பூட்டி வைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம். இந்த முறை என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை, அந்த ஒரு மத்தியானம் வரைக்கும்.

அந்த வருடம் சிங்கப்பூரில் மழை பொய்த்துவிட்டது. தண்ணீருக்கு ரேஷன். இந்தப் பகுதிக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துக் குழாயை அடைத்துவிடுவார்கள், தண்ணீர் வரும் நேரத்தில் வாளியும் தகர டின்னும் தெரு நெடுக வரிசையில் நிற்கும். நான் வழக்கமாகத் தங்கும் லாட்ஜின் சொந்தக்காரர், குளிக்கத் தண்ணீர் கொடுக்க முடியாமல் வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்குவதைவிட மூடிவிடுவதே மேல் என்று மூடிவிட்டுப் போயிருந்தார். தராசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் சந்து சந்தாக அலைந்தேன். முதலில் பார்த்த இடத்தில் தலையணை நாறியது. அடுத்த இடத்தில் தலையணையே இல்லை. மூன்றாவதாக ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்த லாட்ஜுக்கு வந்தேன். கீழே மேசையில் பனியன் போட்ட ஒருவர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் வேலு என்று பிறகு தெரிந்தது.

"நான் இங்க உள்ள ஆள் இல்ல சார். ஜொகூர்லேருந்து காலையிலதான் வந்தேன். அக்காவும் மாமாவும்தான் லாட்ஜ் நடத்துறாங்க, ரெண்டு பேரும் செம்பவாங் போயிருக்காங்க, சாயந்திரம் வந்துருவாங்க. ரூம் வேணும்னா சாவி இதோ தொங்குது, நீங்களே போய் பாருங்க லா. எனக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டேன்."

"எந்த அறை நன்றாக இருக்கும்?"

"எல்லாத்துலயும் கட்டில் இருக்கும், கூரை இருக்கும். மாமியார் மட்டும் இருக்க மாட்டாங்க. வேற என்ன சார் வேணும்?"

முன்பக்க அறைகளில் பஸ் போகும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. தராசுக்கு அது ஆகாது. பின்பக்கக் கோடியில் ஒரு அறைக்குத் தனியாகப் பூட்டுப் போட்டிருந்தது. கீழே போய், ஆணியில் தனியாகத் தொங்கிய சாவியையும் கேட்டேன். வேலு அதையும் எடுத்து நீட்டினார்.

கதவைத் திறந்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். கழுவித் துடைத்த தரை. கட்டில் சட்டத்தில் பூச்சி இல்லை. மூலையில் ஒரு அகல், திரி கருகி அணைந்திருந்தது, பக்தியுள்ள வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அகலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு, பளபளவென்று தேய்த்தது, மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. தட்டை எடுத்துப் பார்த்தால் விளிம்பு வரை தண்ணீர். ஊரெல்லாம் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற நேரத்தில், வரப்போகிற ஆளுக்காகக் கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து மூடியிருக்கிறார்கள் என்றால், இதைவிட நம்பகமான லாட்ஜ் வேறு எங்கே கிடைக்கும்? அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அலைந்த அலைச்சலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொம்பைக் கையில் எடுத்துவிட்டு, கேட்காமல் குடிக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். "குடிங்க, குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று குரல் கேட்டது. வேலு கீழேயிருந்து சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரை நான் அதற்கு முன் சிங்கப்பூரில் குடித்ததில்லை. தட்டைப் பழையபடி போட்டு மூடி, சொம்பை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டுத் தராசின் பாகங்களைப் பொருத்த ஆரம்பித்தேன். மறுநாள் ஒரு பெரிய கடையில் அதைக் காட்ட வேண்டியிருந்தது. முள்ளை நடுவுக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தபோது பின்னால் தட்டு நகரும் ஓசை கேட்டது. பித்தளையின் மேல் தட்டு உரசுகிற ஓசை. திரும்பினால் தட்டு தரையில் இருந்தது. எலி என்று நினைத்து எடுத்து மூடினேன். மேசைக்கு வந்து உட்கார்வதற்குள் மறுபடியும் அதே ஓசை, தட்டு மறுபடியும் தரையில். அதைத் தொடர்ந்து இன்னொன்று கேட்டது. தொண்டை வறண்டு போனவன் எச்சிலை விழுங்கப் பார்ப்பானே, அந்த ஓசை. நல்ல வெயில், ஜன்னல் திறந்திருக்கிறது, கீழே கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்கிறது. இந்த மூலையில் மட்டும் ஒருவர் எச்சில் விழுங்குகிறார்.

கீழே இறங்கி வேலுவிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன்.

"தண்ணியா? குழாய் சாயந்திரம்தான் சார் வரும். அதுவரைக்கும் காத்தைக் குடிங்க."

மேலே ஏதோ ஓசை கேட்கிறது என்றேன்.

"எலியா இருக்கும். எலிக்கும் தாகம் எடுக்கும்லா!"

பக்கத்து டீக்கடைக்குப் போனேன். "டீ சொல்லுங்க தர்றேன், தண்ணி மட்டும் கேக்காதீங்க, இன்னைக்குத் தண்ணிதான் பாலை விட ஒசத்தி" என்று சலித்துக்கொண்டே கடைக்கார பாய் ஒரு டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து சொம்பில் ஊற்றினேன். மூடுவதற்கு முன் நிதானமாக ஒரு யோசனை வந்தது. கண் ஏமாறலாம், காது ஏமாறலாம், தராசு ஏமாறாது. சொம்பை மூடி, தட்டோடு தூக்கித் தராசின் ஒரு பக்கத்தில் வைத்தேன். மறுபக்கத்தில் எடைக்கல் வைத்து முள்ளை நடுவில் நிறுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

நம்பினால் நம்புங்கள். முள் நகர்ந்தது. சொம்பு இருந்த பக்கம் மெல்ல, மிக மெல்ல, மேலே ஏற ஆரம்பித்தது. காற்று இல்லை, நான் தொடவில்லை. ஒரு சின்னக் கல்லை எடுத்துச் சமன் செய்தேன், மறுபடி ஏறியது. இன்னொரு கல்லை எடுத்தேன். கடைசியில், நான் ஊற்றிய பாதி டம்ளர் அளவு எடை குறைந்ததும் முள் நடுவில் நின்றது. அதோடு முடிந்ததென்று நினைத்தேன். அப்போது அந்தப் பக்கம் விசுக்கென்று உச்சிவரை போய், சற்று நேரம் அங்கேயே நின்றது. கடைசிச் சொட்டுக்காகச் சொம்பை வாய்க்கு மேல் கவிழ்த்துப் பிடிப்போமே, அப்படி. பிறகு இறங்கியது. தட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம்கூட இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே விளங்கவில்லை. பயந்திருந்தால் ஓடியிருப்பேன். பயத்தைவிட, கேட்பவருக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற தவிப்புத்தான் அதிகமாக இருந்தது. மறுபடி பாயிடம் ஓடினேன். "மேல என்ன, குதிரை கட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் கால் டம்ளர் கொடுத்தார். அதுவும் போயிற்று. மூன்றாம் தடவை அவர் கையை விரித்துவிட்டார், உண்மையிலேயே அவரிடம் இல்லை. ஒரு சோடா பாட்டில் வாங்கி வந்து ஊற்றினேன். நுரை அடங்கும் வரை சொம்பு அசையவில்லை. தட்டு ஒருமுறை திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. வேண்டாம் என்பது போல. சோடாவை ஜன்னல் வழியே கொட்டிவிட்டேன். எச்சில் விழுங்கும் ஓசை மட்டும் நிற்கவில்லை. தெருக்குழாயைத் திருகிப் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. பக்கத்து வீடுகளில் கதவைத் தட்டினேன், என்னைப் பார்த்த பார்வையிலேயே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அறைக்குத் திரும்பி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, "குழாய் வந்துவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வெறும் மூலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஓசை வரவரத் தேய்ந்துகொண்டே போனது. அது நின்றுவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலையாகிவிட்டது.

வெயில் தாழ்ந்தபோது வேலுவின் அக்கா பாக்கியமும் அவர் கணவர் நடேசனும் வந்தார்கள். படியேறி வந்த அந்த அம்மாள் திறந்த கதவையும் தராசின் மேலிருந்த சொம்பையும் பார்த்தார், ஓடி வந்து தட்டைத் தூக்கினார்.

"ஐயோ, இந்த ரூமை யாரு தொறந்தது? சொம்புல இருந்த தண்ணி எங்க?"

"நான் குடித்துவிட்டேன் அம்மா."

அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். நடேசன்தான் சொன்னார். செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்ட் வேலை பார்த்த ராமையா என்பவர் அந்த அறையில் பல வருடம் தங்கியிருந்தார். காய்ச்சலில் படுத்தவர் இதே போல ஒரு மத்தியானம் தண்ணீர் கேட்டிருக்கிறார். குழாய் அடைத்திருந்த நேரம்.

"குடத்தை எடுத்துக்கிட்டு இவ அடுத்த தெருவுக்கு ஓடினா சார். வரிசையில நின்னு வாங்கிட்டு வர்றதுக்குள்ள ஆளு போயிட்டாரு. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போனாரு."

ஊரில் இருக்கும் குடும்பத்தால் வர முடியவில்லை. அதனால் இவர்களே, நம் வீடுகளில் செய்வது போல, உயிர் போன இடத்தில் விளக்கேற்றி, சொம்பில் தண்ணீர் வைத்து, கருமாதி வரைக்கும் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். கருமாதி மறுநாள். அதற்கு ராமையாவோடு வேலை செய்தவர்களை அழைக்கத்தான் செம்பவாங் போயிருந்தார்கள்.

"தினமும் தண்ணி மாத்துறது நான்தான்" என்றார் பாக்கியம் அம்மாள். "இத்தனை நாள்ல ஒரு சொட்டு கொறஞ்சதில்ல. தண்ணி பக்கத்துல இருக்குன்னு நிம்மதியா இருக்காருன்னு நெனச்சேன்."

தராசில் பார்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததும் அந்த அம்மாள் முதல் சொம்பை நிரப்பி மூலையில் வைத்து விளக்கேற்றினார். நாங்கள் மூவரும் கதவருகில் நின்றோம். எந்த ஓசையும் இல்லை. தாகம் தீர்ந்ததால் ஓசை நின்றதா, அல்லது தண்ணீர் இந்தத் தடவையும் பிந்தித்தான் வந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று கீழே பாய் விரித்துப் படுத்தேன். மறுநாள் கருமாதிச் சாப்பாட்டுக்கு என்னையும் உட்கார வைத்தார்கள். பக்கத்து இலையில் வேலு. மனிதர் முகம் வாடிப் போயிருந்தார்.

"அக்கா என்னைக் கிழிச்சிட்டா சார். ஒரு ஆளு செத்துட்டாருன்னு தெரியும், அந்த ரூம்லன்னு எனக்கு யாரு சொன்னா? ஆஸ்பத்திரியிலன்னுல்ல நெனச்சேன்."

"பரவாயில்லை. நீங்கள் குடிக்கச் சொன்னீர்கள், நான் குடித்தேன். இரண்டு பேருக்குமே தெரியாது."

வேலு சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"நான் எப்ப சார் குடிக்கச் சொன்னேன்? அந்த ரூம்ல சொம்பு இருக்கறதே எனக்குத் தெரியாதே."

அதற்குப் பிறகும் நான் சிங்கப்பூருக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். லாட்ஜ் பார்க்கும்போது தலையணையை முகர்கிறேன், தாழ்ப்பாளை இழுக்கிறேன், பூட்டியிருக்கும் அறையை மட்டும் திறக்கச் சொல்வதில்லை. அந்த மத்தியானத்தை நினைத்தால் தராசு ஏறியதுகூட என்னை இப்போது அவ்வளவாகக் கலக்குவதில்லை. அந்தக் குரல்தான். அதில் கோபமில்லை, கெஞ்சலில்லை, வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கிற குரல். வெளியூரில் எங்கே தங்கினாலும், தண்ணீரைக் கையில் எடுத்ததும் ஒரு கணம் நிறுத்திக் காது கொடுக்கிறேன். யாரும் குடிக்கச் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகுதான் குடிக்கிறேன்.