அலோர் ஸ்டாரில் ஐந்தாவது பிரேம்

காலை 7.20. செய்தி எழுத ஈப்போவிலிருந்து வந்த நான் கோலா கெத்தில் கடைவரிசையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வெறுங்கால்கள். அவற்றுக்கு மேலே மடிப்புக் கலையாத கறுப்புக் காற்சட்டை, வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட், கழுத்தில் போ டை. அந்த உடுப்போடு ஒருவர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் தேவேந்திரன். வயது 34. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை. தேசிய அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டிக்குக் கெடா மாநிலத்திலிருந்து யார் போவது என்பதைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் அன்று அலோர் ஸ்டாரில். ஒருவருக்குத்தான் இடம். இதற்குமுன் இரண்டு முறை இந்தக் கடைசி ஆட்டம்வரை வந்து தோற்றவர்.

“சப்பாத்து போடலயா?” என்று கேட்டேன்.

மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைக் காட்டினார். “தோட்டத்துக் கோயில்ல காப்புக் கட்டியிருக்கேன் அண்ணே. திருவிழா முடியற வரைக்கும் இப்படித்தான். வேலையில வெறுங்காலோட உள்ள விடமாட்டாங்க, லீவு போட்டுட்டேன்.”

“நல்லதாப் போச்சு லா. தோத்தா சப்பாத்து தேஞ்ச செலவாவது மிச்சம்,” என்றார் காரை ஓட்ட வந்த சந்திரன். இதே கடைவரிசையின் மாடியில் ஸ்னூக்கர் கூடம் வைத்திருப்பவர். நான்கு மேசைகள், மணிக்கு 12 ரிங்கிட். தேவேந்திரன் விளையாடப் பழகியது அங்கேதான்.

அலோர் ஸ்டாருக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சுங்கைப் பட்டாணிவரை இருபுறமும் செம்பனை, இடையிடையே ரப்பர். நெடுஞ்சாலையில் ஏறியதும் இடப்பக்கம் ஜெராய் மலை வந்தது. உச்சியை மேகம் மூடியிருந்தது. குருணில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டோம். மூவருக்கும் தேநீரோடு 15 ரிங்கிட் ஆனது. தேவேந்திரன் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டார்.

இந்தப் போட்டியின் கதையைச் சந்திரன் வழிநெடுகச் சொன்னார். அவருடைய சித்தப்பா தோட்ட அதிகாரிகளின் கிளப் ஒன்றில் மார்க்கராக இருந்தவர். புள்ளி சொல்வது, விழுந்த வண்ணப் பந்துகளை எடுத்து அதனதன் இடத்தில் வைப்பது, பந்து துடைப்பது அவர் வேலை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் மேசை இருந்த அறைக்குள் போகவேண்டும். பந்தடிக்கும் கோலைத் தொடக்கூடாது.

“அப்போ தேசியப் போட்டின்னா கிளப் மெம்பருங்க அவங்களுக்குள்ள விளையாடிக்கறது தம்பி. நம்ம ஆளு நின்னு புள்ளி சொல்லணும், அவ்வளவுதான்.”

பிறகு டவுன்களில் கடை மாடிகளுக்கு வாடகை மேசைகள் வந்தன. சம்பள நாளில் தோட்டத்து இளைஞர்கள் படியேறினார்கள். அதற்கும் பிறகு மாநிலத் தகுதிச் சுற்றுகள் வந்தன. எந்தக் கிளப்பிலும் இல்லாதவரும் பெயர் கொடுக்கலாம் என்றானது. எந்த ஆண்டு என்று கேட்டேன்.

“ஆண்டெல்லாம் தெரியாது. என் மாடியில அப்போ எந்த மேசை இருந்துச்சுன்னு கேளு, சொல்றேன்.”

காலை 9.50. போட்டி நடந்த கூடம் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடி. குளிர்சாதனம் கடுமையாக ஓடியது. நடுவர் ரொஸ்லான் தேவேந்திரனின் போ டையைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கீழே பார்த்தார்.

“காசுட் மானா?” சப்பாத்து எங்கே என்று மலாயில் கேட்டார்.

காப்பைப் பற்றித் தேவேந்திரன் விளக்கினார். ரொஸ்லான் பொறுமையாகக் கேட்டார். நோன்பு அவருக்குப் புரியாத சங்கதி அல்ல. ஆனால் மூடிய கறுப்புக் காலணி வேண்டும் என்று விதியில் இருக்கிறது, 10.30க்குள் வராவிட்டால் ஆட்டம் எதிராளிக்கு. முந்தைய சுற்றுகளில் அவர் காலில் என்ன இருக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை. தேவேந்திரனும் டையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருந்தார்.

“என் தோல் சப்பாத்தக் கழட்டித் தரேன், போடு,” என்றார் சந்திரன்.

“சாமி விஷயம் அண்ணே. நான் தோத்தாலும் பரவால்ல.”

அவர் குரல் பரவாயில்லை என்பது போல இல்லை. சந்திரன் தோட்டத்துக் கோயில் பூசாரியை அழைத்து, பேச்சு எங்களுக்கும் கேட்கும்படி கைப்பேசியை நீட்டினார்.

பூசாரி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தோலுதான்டா ஆகாது. நான் மரம் வெட்டப் போன காலத்துல, காப்புக் கட்டிட்டு ரப்பர் சப்பாத்து போட்டுக்கிட்டுத்தான் வெட்டுக்குப் போனேன். இல்லன்னா அட்டை சும்மா விடுமா?”

“யாரும் சொல்லலயே சாமி,” என்றார் தேவேந்திரன்.

“நீ கேட்டியா?”

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து கெடாவில் எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். இரண்டு தெரு தள்ளி வாங்கினோம். விலை 13 ரிங்கிட். அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு. ரொஸ்லான் குனிந்து பார்த்தார். நிறம் கறுப்பு, கால் மூடியிருக்கிறது. எதனால் செய்தது என்று விதி கேட்கவில்லை. “போலே,” என்றார். ஆகலாம்.

எதிராளி ஓங், அலோர் ஸ்டாரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆட்டம் முடிந்து தோட்டத்துக்கா போகிறாய் என்று மலாயில் கேட்டார்.

“ஆமா பாஸ், மரம் காத்துக்கிட்டு இருக்கு,” என்று தேவேந்திரனும் மலாயிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஐந்து பிரேம் ஆட்டம், அதாவது ஐந்து சுற்று; மூன்றை எடுப்பவருக்கு வெற்றி. வழவழப்பான தரையில் ரப்பர் ஒவ்வோர் அடிக்கும் கீச்சிட்டது. முதல் இரண்டு பிரேம் ஓங்குக்கு. அடுத்த இரண்டையும் தேவேந்திரன் எடுத்தார். அதற்குள் ஓங் அடிக்கும்போது சப்பாத்து கீச்சிடாதபடி தேவேந்திரன் அசையாமல் உட்காரப் பழகியிருந்தார்.

ஐந்தாவதில் மேசையில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. அதைப் போடுபவருக்குத்தான் பிரேம். ஓங் முயன்றார், பந்து குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது. வெள்ளைப் பந்து எட்டாத இடத்தில் நின்றது. தேவேந்திரன் மேசைமேல் முக்கால் உடம்பைச் சாய்த்தார். ஒரு கால் மேலே போயிற்று. விதிப்படி ஒரு காலாவது தரையைத் தொட்டிருக்கவேண்டும். ரொஸ்லான் மண்டியிட்டு மற்றக் காலின் நுனியைப் பார்த்தார். அது தரையில் இருந்தது, வழுக்கவில்லை. கறுப்பு உள்ளே விழுந்தது.

ஓங் முதலில் வந்து கைகொடுத்தார். சந்திரன் மேசையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். காரில் சித்தப்பாவின் கதையைச் சொன்னபோது வராத பெருமை அந்த முகத்தில் இப்போது இருந்தது. எனக்கும் இருந்தது, செய்திக்காரன் அதை ஒத்துக்கொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

பிற்பகல் 3 மணி. ஈப்போவுக்குத் திரும்ப நான் ரயில் நிலையம் கிளம்பவேண்டும். ரொஸ்லான் மடிக்கணினியில் தேசியப் போட்டியாளர் பட்டியலைத் திறந்து, எந்தக் கிளப் என்று கேட்டார். கிளப் இல்லை என்றார் தேவேந்திரன். ரொஸ்லான் தட்டச்சு செய்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மற்ற மாநிலத்தாரின் பெயர்களுக்கு எதிரே கிளப் பெயர்கள் இருந்தன. கெடாவின் தேவேந்திரன் பெயருக்கு எதிரே கோலா கெத்தில் என்று இருந்தது.