ஐந்து பேருக்கு ஒரு கண்ணாடி

எங்கள் விசைத்தறிக் கூடத்தில் ஐந்து பேருக்கும் ஒரே மூக்குக் கண்ணாடிதான். ஆணியில் தொங்கும். இழை அறுந்தால் எடுத்து மாட்டி, முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பத் தொங்கவிடுவோம்.

இன்று காலை அது விழுந்து உடைந்தது. அதே பவரில் இன்னொன்று வாங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள் கடைப் பெண்.

"எல்லாருக்கும்தான்."

அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல நீங்க உக்காருங்க, செக் பண்ணுதேன்" என்று என் வலது கண்ணை அட்டையால் மறைத்தாள். எதிரே இருந்த எழுத்துப் பலகை காணாமல் போய்விட்டது.

"ரெண்டு கண்ணையும் மறைச்சிட்டியேம்மா."

"ஒண்ணைத்தான் மறைச்சிருக்கேன்."

எப்போதிருந்து இப்படி என்று கேட்டாள். தெரியவில்லை. இத்தனை நாளும் வலது கண்ணே இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்திருக்கிறது.

"நாளைக்கே திருநவேலி போயி டாக்டரைப் பாத்துருங்க. தள்ளிப் போடாதீங்க."

கூடத்துக்கு வந்து சொன்னேன். மூன்று பேர் தறியை நிறுத்திவிட்டு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மாரியப்பன் மட்டும் நிறுத்தவில்லை. "எனக்கு வேண்டாம்டே, பயமாருக்கு" என்றான்.

நீங்களும் ஒரு கண்ணைப் பொத்தி இதை வாசித்துப் பாருங்கள். பிறகு மற்றதை. இரண்டிலும் முடிந்தவர்கள் கமெண்ட் போடுங்கள். முடியாதவர்கள் நாளைக் காலை திருநெல்வேலி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். தனியாகப் போக எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.