பதினான்காவது கம்பம்

தனபால் போய்விட்ட செய்தி வந்தபோது, பெரம்பலூரில் ஒரு செருப்புக் கடையில் என் இடது கால் ஒரு ஷூவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அவன் போட்டுக்கொண்டு ஓடுவானே, அதே நீல ஷூ. அவனுக்கு எட்டாம் நம்பர். எனக்கு ஒன்பது. ஆனால் கடைக்காரர் கேட்டதும் என் வாய் தானாக "எட்டு" என்றது. உள்ளே போன கால் வெளியே வரவில்லை. அப்போதுதான் என் மகள் இலக்கியா போன் செய்தாள். "அப்பா, தனபால் மாமா..." என்றாள். அப்புறம் அழுகைதான். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். எழுந்திருக்கவே இல்லையாம்.

ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் பழைய செருப்பு. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். சாவு வீட்டு வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். எனக்கு அந்த ஷூ கழலவில்லை. இலக்கியா கீழே உட்கார்ந்து இழுத்த பிறகுதான் வந்தது. பந்தலில் இருந்த நீங்கள் பலர் பார்த்தீர்கள். மரியாதைக்காக யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டியவன் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தான்.

அங்கேயும் எனக்குப் பொறாமைதான். அவன் கண்டக்டராக இருந்த அரியலூர் பஸ்ஸில் போய் வந்த சனமெல்லாம் வந்திருந்தது. "நான் தூங்கிட்டாலும் எறங்குற எடம் வந்தா தட்டி எழுப்புவானே, என் ராசா" என்று ஒரு கிழவி அழுதது. நான் செத்தால், பஞ்சர் ஒட்டக் கொடுத்தவர்கள் வருவார்கள். அதுவும் வண்டியை எடுத்துக்கொண்டு போக.

படத்திறப்புக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நெருங்கிய நண்பர் நீங்கள்தான் எழுத வேண்டும் என்று டெப்போக்காரர்கள் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்பு. எறையூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எழுத்து எனக்கு வராது. நண்பன் என்பது சரிதான். ஆனால் சின்ன வயதிலிருந்து நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுதான்.

பள்ளியில் இரண்டு பேருக்கும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். அரியலூரில் நடந்த போட்டியில் அவன் முதல், நான் இரண்டாவது. அடுத்த வருடமும் அப்படியே. அவன் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு கல்யாணம், பிள்ளைகள், பிழைப்பு. இருபத்தெட்டு வருடம் இருவருமே ஓடவில்லை. அவனுக்கும் தொப்பை விழுந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைக் கெடுத்தது அவனுடைய பஸ்தான். ஒரு நாள் வழியில் டீ குடிக்க இறங்கியிருக்கிறான். உள்ளே யாரோ வாயால் விசில் அடிக்க, டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் தன் பஸ்ஸைத் தானே துரத்திக்கொண்டு ஓடுகிறார். தோள் பை ஒரு பக்கம், தொப்பை ஒரு பக்கம். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி குறுக்கே திரும்பியதால்தான் பிடிக்க முடிந்தது. இதை அவனே என் கடையில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தான். "லாரி வரலைன்னா பஸ் அரியலூரு போயிருக்கும், நான் அங்கயே நின்னுருப்பேன் மாப்ள. நாளையிலேர்ந்து ஓடப்போறேன். நீயும் வா."

"வயித்த மொதல்ல எறக்கி வெச்சுட்டு வாடா, பாக்கலாம்" என்றேன்.

டியூப் ஓட்டையைக் குறிக்க நான் வைத்திருக்கும் சாக்பீஸில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் விடியலில் சர்க்கரை ஆலை ரோட்டில் ஆரம்பித்தான். ஒரு மின்கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. பிறகு நிற்காமல் இரண்டு கம்பம், மூன்று. எட்டுகிற புதுக் கம்பத்தில் ஒரு கோடு. "காலு எதையும் மறக்காது மாப்ள, நாமதான் மறந்துட்ட மாரி நடிக்கிறோம்" என்பான்.

அவனோடு ஓட ஆரம்பித்தது நானில்லை, இலக்கியா. அவள் போலீஸ் வேலைக்குப் படிக்கிறாள். நானூறு மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். "அப்பா, நான் மாமாகூட ஓடுறேன், நீ பின்னாடி வண்டியில வா" என்றாள். ஒரு வாரம் வண்டியில் போனேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்காரன்கூட என்னைப் பார்த்து, "என்னண்ணே, ஓட்டத்துக்குக் காவலா?" என்றான். எட்டாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். மூன்றாம் கம்பத்தில் வாந்தி எடுத்தேன். தனபால் என் முதுகைத் தடவிக்கொண்டே, "பரவால்ல மாப்ள, ரெண்டு கம்பம் ஓடிட்டல்ல" என்றான். அந்த ஆறுதல் எனக்குத் திட்டியதைவிட எரிச்சலாக இருந்தது.

அவன் பத்தாம் கம்பத்தில் கோடு போட்டபோது நான் ஆறில் இருந்தேன். ஒரு மத்தியானம் யாருக்கும் தெரியாமல் வண்டியில் போய்ப் பதினொன்றில் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கோடு நல்லா போட்டுருக்க மாப்ள. ஓடியும் பாத்துடு" என்றான். இலக்கியாவிடம் சொல்லவில்லை. அடுத்த மாதம் நான் நிஜமாகவே அந்தக் கோடு வரை ஓடினேன்.

எங்கள் கடைசிப் போட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு கம்பம், யார் முதலில் என்று பார்ப்பதாகப் பேச்சு. இலக்கியா பதினான்காவது கம்பத்தில் போனில் நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். "ஓடுறவன் பின்னாடி பாக்கக் கூடாது" என்பது அவன் சட்டம். பார்க்காமல்தான் ஓடினேன். ஒன்பதாம் கம்பத்தில் அவனைத் தாண்டினேன். பன்னிரண்டுக்கு அப்புறம் பின்னால் காலடிச் சத்தம் இல்லை. எனக்கு முன்னால் முதுகு இல்லாத ரோட்டை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் நான் மட்டும்.

"அப்பா, நீதாம்ப்பா பர்ஸ்ட்டு!" என்று இலக்கியா குதித்தாள்.

அப்போது திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டாம் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றிருந்தான். பிறகு மெல்ல நடந்து வந்தான். மார்கழிப் பனியில் அவன் சட்டை கிணற்றில் நனைத்தது போல இருந்தது. சாக்பீஸை என்னிடம் நீட்டினான். "ஜெயிச்சுட்ட மாப்ள. கோட்ட நீ போடு." போட்டேன், கம்பத்தைச் சுற்றி முழு வளையமாக. மிச்சத் துண்டை அவனிடமே கொடுத்தேன்.

"மாமாவுக்கு என்னப்பா?" என்று இலக்கியா மெதுவாகக் கேட்டாள்.

"வயசாயிடுச்சு, வேற என்ன" என்றேன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் சொன்னது அவன் காதில் விழுந்தது. சிரித்தான்.

அடுத்த பதினொரு நாளும் டீக்கடையில் அந்த ஓட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பன்னிரண்டாம் நாள்தான் செருப்புக் கடைக்குப் போனேன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது அவன் மனைவி சாந்தி, சட்டைப் பையிலிருந்து எடுத்ததாக ஒரு துண்டு சாக்பீஸைக் கொடுத்தாள். "அண்ணே, இது ஒங்க கடையதுன்னு சொல்வாரு." என்னிடம் இருப்பது அதுதான். கடையில் அதைத் தொடுவதில்லை. இலக்கியாவும் நானும் இன்னும் ஓடுகிறோம். பன்னிரண்டாம் கம்பத்தில் நான் வேகம் குறைப்பதாகச் சொல்கிறாள்.

சாந்தி இதைப் படிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அன்று அவன் நடந்து வருவதைப் பார்த்தபோது ஒரு கேள்வி என் தொண்டை வரை வந்தது. கேட்டால் பதில் சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் அந்த ஜெயிப்பு என்னுடையதாக இருந்திருக்காது. மகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். முழுங்கிவிட்டு, சாக்பீஸை வாங்கிக்கொண்டேன்.

"என்னடா பண்ணுது ஒனக்கு?"