பூஜை அலமாரிக்குள் வைத்த வைஃபை பெட்டி

மதுரை காளவாசலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். எந்தப் புதுப் பொருள் வந்தாலும் முதலில் மீனாட்சி அம்மன் முன் வைப்பது என் வழக்கம். வைஃபை பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் இட்டு, பித்தளைக் கதவு போட்ட பூஜை அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

மறுவாரம் சிங்கப்பூரில் என் பேத்திக்குப் பெயர் வைத்தார்கள். பாஸ்போர்ட் வராததால் நான் போகவில்லை. கம்ப்யூட்டரில் மகளின் முகம் தெரிந்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாமிக்கு எதுக்குடி நெட்டு?" என்றார் கணவர்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு நூர்ஜஹான் ஓடி வந்தாள். "பித்தளைக் கதவைத் தாண்டி சிக்னல் எப்படிக்கா வரும்? இம்புட்டு வீட்டுப் பெட்டியும் ஒரே சேனல்ல, அதான் ஒரே அலைவரிசையில வேற மோதிக்கிருது. இருங்க, மாத்தி விடுறேன்."

பெட்டியை ஹாலில் உயரமாக வைத்து, சேனலையும் மாற்றினாள். படம் ஓடியது. மகள் குழந்தையின் காதில் பெயர் சொன்னது மதுரை வரை கேட்டது.

இப்போதெல்லாம் படம் தடுமாறினால், அம்மனை வேண்டிக்கொண்டே சேனலையும் மாற்றிப் பார்க்கிறேன். பெட்டி ஹாலிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சூடத்தட்டை நான்தான் அங்கே எடுத்துப் போகிறேன்.